வாக்கியத்துச் சனியும் குள்ளர் வீட்டுக் கல்லும்

ஜோசியரே,

இன்று காலை கடையைத் திறந்ததும் மேசை இழுப்பறையை இழுத்தேன். உங்களுக்கென்று வந்து கிடக்கும் புதுப் பஞ்சாங்கத்தின் வாசனை அடித்தது. மட்டக் காகிதமும் மையும் கலந்த அந்த வாசனை. பங்குனிக் கடைசியில் பழனிப் புத்தகக்காரர் எப்போதும்போல ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நீங்கள் தை மாதமே போய்விட்டீர்கள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாங்கி உள்ளே போட்டுப் பூட்டினேன். வாக்கியப் பஞ்சாங்கத்தை என் கையால் வாங்கிப் பத்திரப்படுத்துவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு என் கடையில் டீ கிடைத்திருக்காது.

இத்தனை நாள் தொடாததை இன்று எடுத்துப் பிரித்ததற்குக் காரணம் முந்தாநாள் நடந்த சங்கதி. பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் போட்டிருக்கிறது. சனி வரும் மாசியில்தான் கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போகிறதாம். தப்பு. போன பங்குனியிலேயே போய்விட்டது. நீங்கள் இல்லை என்பதற்காக இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நம் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்கியது. ஞாயிறுதோறும் நீங்கள் பாலசமுத்திரத்திலிருந்து கிளம்பி, பழனியில் முதல் பஸ் பிடித்து மலை ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு எங்கள் பேத்துப்பாறைக்கு வருவீர்கள். கூலி வேலை இல்லாத நாள் என்பதால் அன்றைக்குத்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் நாள் பார்த்துச் சொல்வீர்கள். வருஷங்களுக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது ஒரு பெண்ணிடம், அப்போதைய சனிப் பெயர்ச்சிக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது, அதுவரை வீட்டு வேலையைத் தொடங்காதே என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சனி பெயர்ந்து மாசக்கணக்காச்சு. ராத்திரி வெளிய வந்து பாத்தா தெரியும்" என்றேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆகாசத்த யாரு தாயி பாக்கச் சொன்னா? பஞ்சாங்கத்தப் பாருங்க."

"ஆகாசத்துல இல்லாதது பஞ்சாங்கத்துல எப்பிடி இருக்கும்?"

"இது வாக்கியம். பெரியவங்க பாட்டாக் கட்டிக் குடுத்த கணக்கு. கோயில்ல இதுதான். நீங்க சொல்றது திருக்கணிதம். அது ஆகாசத்தப் பாத்துத் திருத்துனது, நேத்து வந்தது."

"நேத்து வந்தது சரியா இருக்கு. முந்தி வந்தது ஒரு வருசம் பிந்திக் கெடக்கு. சரி, கிரகணத்துக்கு மட்டும் ஏன் திருக்கணிதத்துக்கிட்ட இரவல் வாங்கிப் போடுறீங்க?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "கிரகணம் எல்லாரு கண்ணுக்கும் தெரியும். தப்பாப் போட்டா அடிக்க வருவாங்க. சனிய யாரு அண்ணாந்து பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்."

"பாருங்க. பாத்துக்கிட்டே ஒரு டீ போடுங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு ஜோசியத்தின்மேல் இருக்கும் கோபத்துக்கு என் ஜாதகம்தான் காரணம் என்று ஊரில் ஒரு கதை உலவியது உங்களுக்குத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. என் கல்யாணம் பொருத்தம் பார்த்துத்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது. எனக்குக் கோபம் கணக்கின்மேல். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கேரட் காட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை நானே படித்தேன். கொடைக்கானல் நூலகத்தில் வானத்தைப் பற்றித் தமிழில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வந்து, பனி இல்லாத இரவுகளில் வெளியே போய்ச் சரிபார்த்தேன். கிரகம் புத்தகத்தில் சொன்ன இடத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு, இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்லும் ஆளோடு எப்படிச் சமாதானமாகப் போவது?

சமாதானமாகப் போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் நல்ல மழை. ஜீப் வரவில்லை. கடையில் நாம் இருவர் மட்டும். அன்றைக்குத்தான் சனியின் சுற்றைப் பற்றிச் சொன்னீர்கள். பன்னிரண்டு ராசியையும் சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ முப்பது வருஷம். மனிதர்களுக்கு ஒரு தலைமுறையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "ஒரு சுத்துக்கு ஒரு காரியந்தான் தாயி ஏறும். ஒரு சுத்துல கல்ல நிமித்தி வைக்கக் கத்துக்கிட்டான். அடுத்த சுத்துல அதுக்கு மூடி போடக் கத்துக்கிட்டான். பெறகு வரப்பு, பெறகு வாய்க்கா. வெரசா ஓடி வந்த சனம் எங்கயும் இல்ல. சனின்னாலே மெல்ல நடக்குறவன்னுதான அர்த்தம்."

நீங்கள் கல் என்றது, என் பூண்டுக் காட்டுக்கு மேலே பாறைச் சரிவில் நிற்கும் குள்ளர் வீட்டை. மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு பெரிய மூடுகல், ஒரு பக்கம் திறப்பு. ஆள் உள்ளே குனிந்துதான் போக முடியும் என்பதால், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று இங்கே சொல்கிறார்கள். செத்தவர்களுக்குக் கட்டிய வீடு அது. கட்டியவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மூடுகல்லை இன்று நகர்த்த வேண்டுமானால் ஜேசிபி வேண்டும். அவர்கள் மரத்தையும் கயிற்றையும் வைத்துத் தூக்கினார்கள்.

மெல்லத்தான் ஏறும் என்பதை நான் ஒப்புக்கொண்டேன். நம் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். காரணம் சனி என்பதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "சாகப்போறவங்களும் பொறந்து வந்தவங்களும் கொஞ்ச வருசந்தான் ஒரே வீட்டுல இருக்காங்க. அதுக்குள்ள கை மாறுனது மாறும், மாறாதது போயிரும். அதனாலதான் இவ்வளவு நாள் பிடிக்குது. சனிக்கு இதுல என்ன சோலி?" என்றேன்.

"அந்தக் கொஞ்ச வருசம் எவ்வளவுன்னு யாரு அளந்து வச்சா?"

"யாரும் அளக்கல."

"அப்ப சனிக்கு அது எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

சரியான கேள்வியாக இருந்தால்தானே பதில் இருக்கும். குறிஞ்சிக்கும் இப்படித்தான் செய்தீர்கள். குரு ஒரு சுற்று முடித்தால் குறிஞ்சி பூக்கிறது, பார் என்றீர்கள். குரு பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று முன்னாலேயே சுற்றை முடித்துவிடுகிறது, ஏழெட்டுச் சுற்றில் ஒரு வருஷம் பிசகிவிடும் என்றேன். "பிசகட்டும். அதுவரைக்கும் ஒண்ணாத்தான இருக்கு" என்று சொல்லி மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தீர்கள்.

குள்ளர் வீட்டின் திறப்பு எங்கே பார்க்கிறது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே போய்த் திரும்புகிற நாளில், எதிர்மலையில் அது உதிக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அந்தத் திறப்பை வைத்திருக்கிறார்கள். தை முதல் நாள்தான் சூரியன் திரும்புகிறது என்று பஞ்சாங்கம் சொல்லும். அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. இதைப் பார்க்க எத்தனையோ மார்கழி போனேன், பனி மூடிக்கொண்டது. ஒரு வருஷம் உங்களையும் இழுத்துக்கொண்டு போனேன். முந்தின நாளே மலை ஏறி, உறவுக்காரர் வீட்டில் தங்கி, மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக வந்து நின்றீர்கள். "இந்தக் குளுருல செத்தவனே எந்திரிச்சு ஓடியிருப்பான்" என்று முனகிக்கொண்டே இருந்தீர்கள். அன்றைக்குப் பனி விலகியது. சூரியன் மலைமேல் ஏறியது. வெளிச்சம் திறப்புக்குள் விழுந்தது. நடுவில் விழவில்லை, ஓரமாக விழுந்தது.

"தள்ளிக் கெடக்கே" என்றீர்கள்.

"கல்லு சாஞ்சிருக்கு. எத்தன காலத்து மழை."

"உங்க கணக்கு தப்பாப் போனா கல்லு சாஞ்சிருச்சு. என் கணக்கு தப்பாப் போனா மூடநம்பிக்கை. நல்லா இருக்கு தாயி உங்க நாயம்."

இன்றும் சொல்கிறேன், கல் சாய்ந்துதான் இருக்கிறது. வலப்பக்கப் பலகை மண்ணில் இறங்கியிருக்கிறது, கண் உள்ளவர்கள் பார்க்கலாம். இதைத்தான் கொடைக்கானலில் மலைக் கற்களைப் பற்றி நடந்த கூட்டத்திலும் சொல்லப்போனேன். மேடையில் இருந்தவர், "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். ஆறாவது என்றேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீ இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள். அது இன்னும் ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன். கூட வந்திருந்த நீங்கள் வெளியே வந்து ஆறுதல் சொன்னீர்கள். அவர்கள் வந்து சேர ஒரு சுற்று ஆகும், காத்திருங்கள் என்றீர்கள். "எனக்கு இன்னொரு சுத்து இல்ல ஜோசியரே" என்றேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் கீழேயிருந்து வந்த ஒருவர் அந்தச் சரிவை வாங்கினார். காட்டேஜ் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஊரில் அவருக்குக் காட்டேஜ்காரர் என்றே பெயர். ஜீப் ஏறிவரும் பாதையில் குள்ளர் வீடு நிற்கிறது. எடுத்தாக வேண்டும் என்றார். நான் தாலுகா ஆபீசுக்கு மனுமேல் மனு போட்டேன். தனியார் நிலம் என்றார்கள். நேரில் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார்கள், அதோடு சரி. கடைசியில் காட்டேஜ்காரரைத் தடுத்தது ஜேசிபி ஓட்டும் நம் ராசுதான். நாள் குறிக்காமல் குள்ளர் வீட்டில் இரும்பு படக்கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நாள் குறித்துக் கொடுத்தவர்மேல்தான் செத்தவர் வீட்டை இடித்த பழி போய்ச் சேரும், வண்டி ஓட்டுகிறவன்மேல் சேராது. அதனால் நாள் வாங்கி வந்தால்தான் வண்டியை ஏற்றுவேன் என்று ராசு சொல்லிவிட்டான். காட்டேஜ்காரர் உங்களிடம் வந்தார்.

நான் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன ராசி?" என்றீர்கள்.

"கடகம்."

பஞ்சாங்கத்தைப் புரட்டினீர்கள். "அஷ்டமச் சனி. எட்டுல சனிய வச்சிக்கிட்டுச் செத்தவன் வீட்டுல கை வைக்கலாமா?"

"அதுக்குப் பரிகாரம் ஏதாவது?"

"இருக்கு. கை வைக்காம இருக்கிறது."

"எப்ப சாமி போகும்?"

"ரெண்டர வருசம் இருந்துட்டுப் போகும். கும்பத்த விட்டுக் கெளம்பட்டும், நானே நாள் குறிச்சுத் தாரேன்."

அவர் போன பிறகு கேட்டேன். "இது பஞ்சாங்கத்துக்காகச் சொன்னதா, கல்லுக்காகச் சொன்னதா?" நீங்கள் டம்ளரை என் பக்கம் தள்ளி, "ஆறிப்போய்க் கெடக்கு, வேற போடுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை வந்தாலும் அதே பதில்தான். நானும் எத்தனை தடவை கேட்டாலும் அதே டீதான்.

பிறகு தை பிறந்தது. உங்கள் மகன் போன் பண்ணினார். பாலசமுத்திரத்துக்கு இறங்கி வந்து, உங்களை எடுக்கும்வரை இருந்தேன். திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த முதல் யோசனை, இனி வாக்கியத்துக்காக வாதாட ஆள் இல்லையே என்பது. இரண்டாவது, கல்லுக்கு என்ன ஆகும் என்பது.

முந்தாநாள் காலை காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோம். மேலே ஜேசிபி சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். ராசு வண்டியில் உட்கார்ந்திருந்தான். காட்டேஜ்காரர் கையில் புதிதாக ஒரு பஞ்சாங்கம், திருக்கணிதம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"வாங்க ஆத்தா. நல்ல வேள வந்தீங்க. சனி போன பங்குனியிலயே மீனத்துக்குப் போயாச்சுன்னு இதுல போட்டிருக்கு. இவன் நம்ப மாட்டேங்குறான். ஜோசியர் மாசின்னாருங்குறான்."

ராசு தலையை வெளியே நீட்டினான். "ஆமா. அவரு போனதுக்கப்புறம் இந்த ஊர்ல ஆகாசம் தெரிஞ்சது ஆத்தாதான். அது வாயால சொல்லட்டும். நான் வண்டிய எடுக்குறேன்."

"வருசக்கணக்கா திருக்கணிதந்தான் சரின்னு ஜோசியர்கிட்ட மல்லுக்கு நின்னது நீங்கதானே?" என்றார் காட்டேஜ்காரர். "ஊரே சொல்லுது. சொல்லுங்க. சனி பெயர்ந்தாச்சா, இல்லியா?"

பூண்டு பிடுங்கிய பெண்களும் ஏறிவந்து நின்றார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாசிவரை ராசு வண்டியைத் தொடமாட்டான். மாசிக்குள் வேறு வழி பார்க்கலாம். உங்கள் பஞ்சாங்கத்தில் அச்சடித்தே இருக்கிறது, பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாது.

நான் வானத்தைப் பார்த்தவள் ஜோசியரே. விடியற்காலையில் கிழக்கே சனி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அது இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்ல என் வாய் வரவில்லை.

"பெயர்ந்தாச்சு" என்றேன்.

காட்டேஜ்காரர் சிரித்தார். ராசுவுக்கு முகம் விழுந்துவிட்டது. வண்டியை நகர்த்தும் கம்பியில் கையை வைத்தான்.

"சனி போயிருச்சு. நான் போகல" என்றேன். போய்க் குள்ளர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். மூடுகல்லின் விளிம்பு என் தலைக்கு மேலே இருந்தது.

"என்ன ஆத்தா இது, நீங்களே நாள் நல்லாருக்குன்னு சொல்லிட்டு..."

"நாள் நல்லாருக்குன்னு நான் எங்க சொன்னேன்? சனி எங்க இருக்குன்னு கேட்டீங்க, சொன்னேன். நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் எனக்குக் கெடையாது. இத இடிக்கக்கூடாது. அதுக்கு எந்த நாளும் கெடையாது."

"இது என் எடம்."

"எடம் உங்களுது. உங்களுக்கு முந்தி வாங்கினவங்க உள்ள இருக்காங்க."

ராசு என்ஜினை அணைத்துவிட்டான். "ஏலே, எதுக்குடா அணைச்ச?" என்றார் காட்டேஜ்காரர்.

"மொதலாளி, சனியாச்சும் ரெண்டர வருசத்துல போயிரும்" என்றான் ராசு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காட்டேஜ்காரருக்குக்கூட உதடு அசைந்தது. பிறகு கோபம் வந்து வண்டியைத் திருப்பச் சொன்னார். பாதையை வலப்பக்கம் வளைத்தால் எவ்வளவு பாறை உடைக்க வேண்டும் என்று ராசுவிடம் கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார். வளைப்பாரா என்று தெரியாது. திரும்பி வருவேன் என்றும் சொல்லியிருக்கிறார். வரட்டும்.

இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். நேற்றும் போனேன். முட்டி பிடித்துக்கொண்டது, கல் குளிர் எலும்பில் ஏறுகிறது. உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று புரிந்தது. உங்கள் கணக்கு தப்பு. ஆனால் அந்தத் தப்பு உங்களைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. பெஞ்சில் இருந்தபடியே அதைக் காத்தீர்கள். என் கணக்கு சரி. அதை வைத்துக்கொண்டு நான் உடம்பைக் கொண்டுவந்து போட வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தமில்லை. சரியானதைச் சொன்னால் அதோடு வேலை முடிந்துவிடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். முடிவதில்லை. இந்தச் சுற்றில் எனக்கு ஏறிய ஒரு காரியம் இதுதான்.

கல்லுக்காகத்தான் அப்படிச் சொன்னீர்களா என்று இனி நான் கேட்க முடியாது. கல்லுக்காக என்றால் நீங்கள் நினைத்துச் சொன்ன பொய். பஞ்சாங்கத்துக்காக என்றால் நம்பிச் சொன்ன தப்பு. எதுவாக இருந்தாலும் மெச்சமாட்டேன். ஆனால் கல் நிற்கிறது.

நேற்று சாயங்காலம் ராசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவந்தான். காட்டேஜ்காரர் கொடுத்துவிட்டாராம். "தரையில உக்காந்து கெழவிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பழி எனக்குத்தான் வரும், இதுல உக்காரச் சொல்லு" என்றாராம். நான் நன்றி சொல்லவில்லை. திறப்புக்கு நேராகப் போடச் சொன்னேன். இந்த மடலை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பனி இறங்குகிறது, கீழே பெண்கள் பூண்டுக் கட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே பெஞ்சு இல்லை, நீங்களும் இல்லை. ஆனாலும் நான் ஒன்று சொன்னால் நீங்கள் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்கு அப்படியே கேட்கிறது. அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலையும் யோசித்து வைத்திருக்கிறேன்.